பலாப்பால் பட்ட மடக்குக் கத்தி, லாக் விடமாட்டேங்குது

முகத்துவாரம் (கடலூர் முதுநகர்)

வணக்கம். லைனர் லாக் வகை மடக்குக் கத்தி, அதாவது கைப்பிடிக்குள்ள இருக்கிற லைனர்ங்கிற தகடே ஸ்பிரிங் மாதிரி வந்து திறந்த பிளேடைப் பூட்டும். பிளேடு மூன்றரை அங்குலம், 440சி ஸ்டீல். கைப்பிடி ஜி10 (கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்த்தது), உள்ளே ரெண்டு பக்கமும் ஸ்டீல் லைனர், பிளேடு சுழலுற பிவட்ல டார்க்ஸ் (நட்சத்திரக் குழி) ஸ்க்ரூ. படகுல நைலான் கயிறு அறுக்கவும் சீசன்ல பண்ருட்டிப் பலாவுல சுளை எடுக்கவும் இதே கத்திதான்.

பிரச்சினை மூடும்போதுதான். திறந்தா லாக் ஒழுங்கா விழுது. லைனரைப் பக்கவாட்டுல தள்ளினா நகரமாட்டேங்குது, நகத்தைக் கொடுத்து நெம்ப வேண்டியிருக்கு. அந்த நேரத்துல கட்டைவிரல் பிளேடு மடங்குற வழியிலேயே நிக்குது. சட்டுனு விட்டா விரல் போயிடும்.

டபிள்யூடி-40 அடிச்சா அன்னைக்கு இளகுது, மறுநாள் முன்னைவிட இறுக்கம். லாக் முனையை அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தா சரியாயிடும்னு பக்கத்துக் கடையில சொல்றாங்க. செய்யலாமா? பிரிக்காமலே சரி பண்ண வழி இருக்கா? பலாப்பாலுக்கு எதைப் போடணும்?

---

கெடிலக்கரைப் பட்டறை (திருப்பாதிரிப்புலியூர்)

அரத்தைத் தொடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

லைனர் லாக்கின் பிடி முழுக்க ஒரு சின்னச் சாய்வில் இருக்கிறது. பிளேடின் வால் பகுதியில் (கைப்பிடிக்குள் இருக்கும் பின்பக்கம்) லைனர் முனை வந்து உட்காரும் முகம் நேராக இருக்காது. பெரும்பாலான கத்திகளில் 7 முதல் 10 டிகிரி சாய்த்துத் தேய்த்திருப்பார்கள். கதவுக்கு அடியில் ஆப்பு ஏறி நிற்பது போல லைனர் அந்தச் சாய்வில் ஏறி நிற்கும். 8 டிகிரி சாய்வுக்கு டேன்ஜென்ட் 0.14. இரண்டு உலோகத்துக்கும் நடுவே உள்ள உராய்வுக் கெழு அதைவிட அதிகமாக இருக்கும்வரை லாக் தானாக நழுவாது. ஸ்டீலோடு ஸ்டீல் உலர்வாக உரசும்போது அது தாராளமாகவே அதிகம். எண்ணெய் பட்டால் ஏறக்குறைய அந்த 0.14 அளவுக்கே இறங்கிவிடும்.

இப்போது அரத்தை யோசித்துப் பாருங்கள். கையால் இழுக்கும்போது ஒன்றிரண்டு டிகிரி கூடுவதோ குறைவதோ கண்ணுக்கே தெரியாது. கூடினால் லாக் லேசாகிவிடும், ஆனால் அழுத்தி வெட்டும்போது நழுவி விரல்மேல் மடங்கும். குறைந்தால் இன்னும் இறுகும். தேய்த்த ஸ்டீலைத் திரும்ப ஒட்டவும் முடியாது. லாக் முகத்தில் எண்ணெய் விடக்கூடாது என்பதும் இதே கணக்குதான். டபிள்யூடி-40 அடித்து இளகியபோது உங்கள் கத்தி பத்திரமாக இருந்தது என்று நினைக்காதீர்கள்.

பிரிப்பதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பிளேடைத் திறந்து லாக் போட்டு, கைப்பிடியின் திறந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளேடு வாலின் தடிமனில் லைனர் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது? மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை என்றால் நல்லது. எதிர்ப்பக்க லைனரைத் தொட்டுக்கொண்டு நின்றால் தேய்மானம். சுத்தம் செய்து தீராது.

அடுத்து, லைனரைத் தள்ளும்போது கைக்கு என்ன தெரிகிறது? மூன்று விதமான இறுக்கம் உண்டு. முதல் நூலளவு மட்டும் பிடித்துக்கொண்டு, பிறகு "டக்" என்று விட்டு, மீதித் தூரம் லேசாகப் போனால் அது சாய்வும் முகமும் சம்பந்தப்பட்டது. ஆரம்பம் முதல் கடைசி வரை மந்தமாக, சவ்வு போல இழுத்தால் பிசின். நறநறவென்றால் துரு அல்லது மணல். இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும்.

---

முகத்துவாரம்

பார்த்தேன் அண்ணா. லைனர் பாதிக்குக் கொஞ்சம் முன்னாடியே நிக்குது. "டக்"னு விடுற மாதிரி இல்ல, முழுக்க இழுவைதான். நடுவுல லேசா நறநறப்பும் இருக்கு. பிளேடைத் திறக்கும்போதும் அதே இழுவை. பிவட் ஓரத்துல பச்சையா ஏதோ படிஞ்சிருக்கு.

---

பலாத்தோப்பு (பண்ருட்டி)

அப்படின்னா பாதி பலாப்பால், பாதி உப்பு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. வரிசை மாறினா வேலை ரெட்டிப்பாகும்.

முதல்ல பால். பலாப்பால் தண்ணில கரையாது. தண்ணி பட்டா கெட்டியாகித் திரளும். எண்ணெயில இளகும், டர்பன்டைன்ல இன்னும் நல்லா இளகும். ஸ்பிரிட் இதுக்குப் பத்தாது. கடைசியில எண்ணெய்ப் பசையை எடுக்கத்தான் அது. டபிள்யூடி-40 ஏன் மறுநாளே ஏமாத்துதுன்னா, அதுல இருக்கிற கரைப்பான் பாலை இளக்கி, பிவட்ல பிளேடுக்கும் லைனருக்கும் நடுவுல இருக்கிற வாஷருக்குள்ள இன்னும் ஆழமா இறக்கிவிடுது. பிறகு கரைப்பான் ஆவியாகிடும். மிச்சம் இருக்கிற மெல்லிய எண்ணெயும் பாலும் சேர்ந்து பசையாகி உட்கார்ந்துக்கும்.

பிரிக்காம செய்யுறது இப்படி. பிளேடைத் திறந்து லாக் போட்டு, வெட்டு முனை மேல ரெண்டு சுத்து துணி, அதுக்கு மேல இன்சுலேஷன் டேப். இதை விட்டுட்டு ஆரம்பிக்காதீங்க, பிசுபிசுத்த கையில கத்தி சுழலும். தேங்காய் எண்ணெய் நாலஞ்சு சொட்டு லைனர் இடுக்குலயும், ரெண்டு பக்கமும் பிவட் ஓரத்துலயும் விட்டு இருபது நிமிஷம் வச்சிருங்க. அப்புறம் பல்குச்சியால லாக் முகத்தைச் சுரண்டுங்க. பால் மஞ்சளா, ரப்பர் துணுக்கு மாதிரி உருண்டு வரும். இடுக்குக்குத் தடிமனான பருத்தி நூலை உள்ள விட்டு முன்னும் பின்னும் இழுத்தா குச்சி போகாத இடத்துல இருக்கிறதும் வந்துடும். ஊசி, பிளேடுத் துண்டு எதையும் விடாதீங்க, முகத்துல கீறல் விழுந்தா அதுவே புது இழுவை.

பிறகு பெயின்ட் கடை டர்பன்டைன் அஞ்சாறு சொட்டு, பிளேடை மெதுவா பாதி மடக்கித் திறந்து, வழியுற அழுக்கைத் துடைச்சுட்டே வாங்க. ஜி10 கைப்பிடிக்கு டர்பன்டைன் ஒண்ணும் செய்யாது. பெயின்ட் தின்னர் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் கைப்பிடியா இருந்தா கரைச்சுடும். பக்கத்துல அடுப்போ ஊதுபத்தியோ இருக்கக் கூடாது. கடைசியா பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் வெதுவெதுப்பான தண்ணியும் பழைய டூத் பிரஷும். நல்லா அலசி, உதறி, வெயில்ல திறந்தபடி காய விடுங்க.

எண்ணெய்ல ஆரம்பிச்சு சோப்புல முடியணும். தேங்காய் எண்ணெயை அப்படியே விட்டா தூசியைப் பிடிக்கும். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் இதைவிட மோசம், காத்துப் பட்டுப் பட்டு அதுவே பிசினாகிடும். முந்திரிக் கொட்டை உடைக்கிற பக்கம் இந்தக் கத்தியைக் கொண்டு போகாதீங்க. அந்தத் தோல் எண்ணெய் கையையும் புண்ணாக்கும், இடுக்குல இறுகினா பலாப்பாலை விடப் பிடிவாதம்.

பச்சை படிஞ்சிருக்குன்னு சொன்னதால, இது மட்டும் போதாது. பிரிச்சே ஆகணும். அதைப் பட்டறைக்காரர் சொல்லட்டும்.

---

கெடிலக்கரைப் பட்டறை

ஆமாம், பச்சை என்றால் வாஷர் பாஸ்பர் பிரான்ஸ், செம்புக் கலவை. பிரான்ஸும் ஸ்டீலும் உப்புத் தண்ணீரில் ஒட்டியபடி இருந்தால் அரிப்பு வேகமாகும். 440சி துருப்பிடிக்காத ஸ்டீல்தான், குரோமியம் 16 முதல் 18 சதவீதம். ஆனால் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருப்பதால் குரோமியத்தில் ஒரு பங்கு கார்பைடாகப் போய்விடுகிறது. மிச்சமுள்ளதுதான் மேற்பரப்பில் காப்புப் படலமாக நிற்கிறது. அந்தப் படலம் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். வாஷருக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கினால் ஆக்சிஜன் போகாது. வெளியே பளபளப்பாக இருக்கும் கத்தி பிவட்டுக்குள் மட்டும் துருப்பிடிப்பது இதனால்தான்.

உடல் ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் டார்க்ஸ் டி6, பிவட்டுக்கு டி8. சிலதில் டி10 வரும். மொபைல் சர்வீஸ் செட்டில் டி6, டி8 இருக்கும். ஆலன் கீயைத் திணித்துத் திருப்பினால் பல் வழுக்கி ஸ்க்ரூ போய்விடும். பிட்டை நேராக நிறுத்தி, கீழே அழுத்தியபடி திருப்புங்கள். அசையவில்லை என்றால், ஸ்க்ரூ தளராமல் இருக்கப் போடும் திரெட் லாக் பசை பிடித்திருக்கிறது: சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் மட்டும் இருபது, முப்பது விநாடி வைத்துவிட்டு உடனே திருப்புங்கள். நைலான் கைப்பிடிக்கு இது ஆகாது, உருகும். பிவட்டின் மறுபக்கமும் சேர்ந்து சுற்றினால் அந்தப் பக்கத்துக்கும் ஒரு பிட் வேண்டும்.

வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் பிரியுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு போட்டோ. எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்ததோ, திரும்ப அந்தப் பக்கமே போக வேண்டும். தேய்ந்த தடம் அதற்குப் பழகியிருக்கும். லைனரின் உட்புறம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டரில் ஒரு குண்டு அழுத்திப் பதித்திருக்கும். மூடிய நிலையில் பிளேடைப் பிடித்து வைப்பது அதுதான். அதைக் குச்சியால் நெம்ப வேண்டாம். அது போய் விழும் குழி பிளேடின் வாலில் இருக்கும். அந்தக் குழியில்தான் பாலும் பஞ்சும் அடைந்திருக்கும், பல்குச்சியால் சுத்தமாக எடுங்கள்.

வாஷரின் பச்சையை வெண்கலம் தேய்ப்பது போலப் புளியில் தேய்த்தால் போய்விடும், ஆனால் வாஷரை மட்டும். பிளேடையோ லைனரையோ புளியில் ஊறப் போடாதீர்கள். தேய்த்ததும் சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். லைனர், பிவட் உருளை, வால் பக்கவாட்டில் உள்ள துருவுக்கு 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரே திசையில் தேய்க்கலாம். குழி விழுந்த இடத்தைச் சமமாக்க முயல வேண்டாம், தளர்ந்த துரு போனால் போதும். லாக் முகம் இரண்டையும் பேப்பரால் தொடாதீர்கள். அவற்றுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பட்ஸ் மட்டும், பட்ஸ் வெள்ளையாகவே வரும்வரை.

கூட்டும்போது வாஷரின் ஒவ்வொரு முகத்துக்கும் குண்டூசி முனையளவு எண்ணெய். இந்தக் கத்தியில் சுளை எடுப்பதால் மெடிக்கல் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது: வாசனை இல்லை, பிசினாகாது, உணவில் பட்டாலும் பயமில்லை. தையல் மெஷின் எண்ணெயும் ஓடும், ஆனால் உணவுக் கத்திக்கு நான் சொல்ல மாட்டேன். எண்ணெய் லாக் முகத்துக்கு வழிந்தால் ஆல்கஹால் பட்ஸால் துடைத்து எடுத்துவிடுங்கள்.

---

தேங்காய்த்திட்டு (புதுச்சேரி)

மேலே சொன்ன "டக்" வகையைப் பற்றி ஒரு சேர்க்கை, பிறகு வந்து படிப்பவர்களுக்காக. சுத்தம் செய்தும் அந்த முதல் பிடிப்பு இருந்தால், பிளேடு வாலின் லாக் முகத்தில் பெர்மனன்ட் மார்க்கர் பூசி உலர விட்டு, சில முறை திறந்து மூடிப் பாருங்கள். மை அழிந்த இடம்தான் லைனர் தொடும் இடம். அது பிவட்டிலிருந்து தள்ளி, முகத்தின் வெளி ஓரத்தில் இருந்தால் சரி. பிவட்டுக்குப் பக்கத்தில் மட்டும் அழிந்திருந்தால் பிளேடு லேசாக ஆடும், லாக்கும் ஒட்டும். ஆட்டத்தோடு ஒட்டினால் அது பயன்படுத்துபவர் கையால் தீராது, செய்தவர்களிடமே அனுப்ப வேண்டும்.

டைட்டானியம் லைனரில் இந்தப் பிடிப்பு சகஜம். டைட்டானியம் ஸ்டீலோடு உரசும்போது மெல்லிய பொடியாகப் பெயர்ந்து ஸ்டீல்மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசும். ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, 2பி பென்சிலால் பிளேடு வால் முகத்தில் ஒரு மெல்லிய பூச்சு. ஒன்று போதும். தொடர்ந்து பயன்படுத்தினால் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று பழகி, பிடிப்பு தானாகக் குறையும். பென்சில் பூசிய பிறகு கட்டாயம் ஒரு சோதனை: லாக் போட்டு, விரல்களை மடங்கும் வழியிலிருந்து விலக்கி, பிளேடின் முதுகை மரப் பலகையில் வைத்து நிதானமாக அழுத்துங்கள். லைனர் நகர்ந்தால் பென்சிலைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். முதுகைப் பலகையில் ஓங்கி அடிக்கும் சோதனை வேண்டாம், லாக் முகம்தான் நசுங்கும்.

வேகமாக வீசித் திறக்கும் பழக்கமும் ஒரு காரணம். ஒவ்வொரு வீச்சிலும் லைனர் சாய்வில் இன்னும் கொஞ்சம் ஏறி இறுகும். கட்டைவிரலால் நிதானமாகத் திறந்தால் அதே கத்தி ஒட்டாது.

---

முத்தியால்பேட்டை வாசகி (புதுச்சேரி)

இதே இழையில் கேட்கலாமா? வீட்டில் ஒப்பினல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி, 8ஆம் எண், கார்பன் ஸ்டீல் பிளேடு, மரக் கைப்பிடி, பிளேடைப் பூட்ட கழுத்தில் சுற்றும் வளையம். மழைக்காலத்தில் பிளேடே வெளியே வர மறுக்கிறது, கழுத்து வளையமும் சுற்றவில்லை. இதில் ஸ்க்ரூ எதுவும் இல்லையே, எப்படிப் பிரிப்பது?

---

தேங்காய்த்திட்டு

பிரிக்க வேண்டாம், மேடம். அதன் பிவட் அறைந்து இறுக்கிய ஆணி. எடுத்தால் பழையபடி வராது.

உங்களுடையதில் இரண்டு கோளாறு. பிளேடு வராதது மரத்தால். கைப்பிடி பீச் மரம், ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊதி, பிளேடு உட்காரும் பிளவு நெருங்கிவிடும். வளையம் முதலில் திறந்த நிலைக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2000க்குப் பிறகு வந்த கத்திகளில் அந்த வளையம் மூடிய நிலையிலும் பிளேடைப் பூட்டும், அதோடு சண்டை போட்டுப் பயனில்லை. வளையம் திறந்திருந்தால் கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் "டொக்" என்று தட்டுங்கள், பிளேடு விரல் பிடிக்கும் அளவுக்கு எட்டிப் பார்க்கும். அதன் சொந்த ஊரான பிரான்ஸின் சவாய் மலைப்பக்கத்திலும் இப்படித்தான் திறக்கிறார்கள்.

திறந்ததும் நிழலில், ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் திறந்தே வையுங்கள். வெயிலிலோ அடுப்பு ஓரத்திலோ வைத்தால் மரம் வெடிக்கும். காய்ந்த பிறகும் உரசினால், இரும்பு ஸ்கேலில் 240 நம்பர் எமரி பேப்பரைச் சுற்றிப் பிளவின் உள்பக்கங்களைச் சில இழுப்பு. பிறகு வேஸ்லினை இளக்கி, பிவட் பக்கத்து மரத்திலும் பிளவிலும் தடவி, ஊறியபின் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மரம் அடுத்த மழையில் ஈரம் குடிப்பது நன்றாகவே குறையும்.

வளையத்துக்கு: அதன் அடியில் இருக்கும் கழுத்துப் பட்டையில் அழுக்கோ, கார்பன் பிளேடிலிருந்து இறங்கிய துருவோ அடைந்திருக்கும். லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு, அரைமணி நேரம், பிறகு ரப்பர் கையுறை போட்டு முன்னும் பின்னும் மெல்ல. வரவே இல்லை என்றால் வெளிப்புற சர்க்ளிப் பிளையரால் பிளவை ஒரு நூல் விரித்து வளையத்தை மட்டும் கழற்றலாம். அதிகம் விரித்தால் தளர்ந்து, பூட்டும் வேலையே நின்றுவிடும். லாக் போடும்போதும் வளையத்தை நிற்கும்வரை திருகாதீர்கள். அதன் ஓரமும் சாய்வுதான், பிளேடைத் தொட்டதும் போதும்.

---

முகத்துவாரம்

பிரிச்சுச் சுத்தம் பண்ணிட்டேன். வாஷருக்கு அடியிலதான் எல்லாம் இருந்துச்சு, பாலும் துருவும் சேர்ந்து கறுப்பா. லைனர் இப்போ விரல் நுனியால தள்ளினாலே போகுது. பலகையில அழுத்திப் பார்த்ததுல நகரல. ஒரே சந்தேகம்: பிவட்டை இறுக்கினா பிளேடு கனமா நகருது, தளர்த்தினா பக்கவாட்டுல ஆடுது. நடுவுல நிக்கமாட்டேங்குது, ரெண்டு தரம் திறந்து மூடினாலே ஸ்க்ரூ தளர்ந்துடுது.

---

கெடிலக்கரைப் பட்டறை

பழைய பசை போய்விட்டது, அதனால்தான். பிவட் ஸ்க்ரூவையும் அது ஏறும் மரையையும் ஆல்கஹாலில் துடையுங்கள். நீல நிறத் திரெட் லாக், லாக்டைட் 243 போன்றது, பல்குச்சி முனையில் தொட்டு மரையின் கடைசி இரண்டு சுற்றில் மட்டும். சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்றவே முடியாது. பசை அதிகமானால் வாஷருக்குள் வழிந்து பழைய கதையாகும்.

பூசியதும் ஆட்டம் அறவே நிற்கும்வரை இறுக்கி, எட்டில் ஒரு பங்கு சுற்று பின்வாங்குங்கள். லைனரைத் தள்ளிப் பிடித்து, விரல்களை விலக்கி, கத்தியைச் சாய்த்தால் பிளேடு தன் எடையில் மெல்ல இறங்க வேண்டும். அந்த இடம் கிடைத்ததும் பிளேடை நடுவில் நிறுத்தி ஒரு முழு நாள் தொடாமல் வையுங்கள், பசை முழுசாக இறுக அவ்வளவு நேரம் வேண்டும்.

கடல் வேலைக்குப் போன நாளெல்லாம் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் திறந்தபடி அலசி, உதறி, காய்ந்த பிறகே மடக்குங்கள். பலாவுக்குப் போகும் முன் லைனர் இடுக்கில் இல்லாமல் பிளேடின் இரண்டு பக்கமும் மட்டும் எண்ணெய் தடவினால் பால் ஒட்டாது. சுளை எடுத்து முடித்ததும், பால் காயும் முன்னே எண்ணெய்த் துணியால் பிளேடின் வால் வரை துடைத்துவிடுங்கள்.